சொந்தபந்தம் பார்க்கப் போனால் எங்கே தங்கலாம்: ஆழியாறா, கோபியா, காங்கேயமா?

தாராபுரத்தில் அத்தை, உடுமலையில் பெரியம்மா, சிவன்மலைப் பக்கம் சித்தப்பா. சென்னையிலிருந்து நாலு நாள் லீவில் போய் எல்லோரையும் பார்க்க வேண்டும். மூன்று பக்கமும் தோட்டத்து வீடுகளில் தங்கிப் பார்த்துவிட்டேன்.

அழகு என்றால் ஆழியாறுதான். தென்னந்தோப்புக்குள் வீடு, கதவைத் திறந்தால் எதிரே மலை. ஆனால் பொள்ளாச்சி வரவே 24 கிலோமீட்டர். அப்புறம் உடுமலை, அதையும் தாண்டித் தாராபுரம். அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தோப்புக்குப் போய்ச் சேர நடுராத்திரி ஆகிவிடுகிறது. வால்பாறைக்கு ஏறுகிறவர்களுக்குச் சரியான இடம்.

கோபிசெட்டிபாளையத்தில் வயல், வாய்க்கால், பக்கத்திலேயே கொடிவேரி அணை. சொந்தம் சத்தியமங்கலம், அந்தியூர் பக்கம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். எங்களுக்கு அது எதிர்த்திசை.

காங்கேயத்தில் ஈரோடு–தாராபுரம் சாலையும் கோவை–கரூர் சாலையும் வெட்டிக்கொள்கின்றன. சிவன்மலை கூப்பிடு தூரம், தாராபுரம் முக்கால் மணி நேரம். நாங்கள் எடுத்தது ஒரு பழைய சாளை, அதாவது தோட்டத்து வீடு. ஓட்டு வீடு, முன்னால் பெரிய வாசல். பச்சைப்பசேல் என்று எதுவும் கிடையாது. கிளுவை வேலிக்குள் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், அதில் வெள்வேல மரம், மேய்கிற மாடுகள், அவ்வளவுதான். ஆடியில் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரி அடிக்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல சாளைகளில் வெளியேதான், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம்.

இத்தனைக்கும் பிறகு என் ஓட்டு காங்கேயத்துக்கே. நாம் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனால், அவர்களும் நம்மைப் பார்க்க வருவார்கள். அதற்கு இந்தப் பெரிய வாசல்தான் வசதி. முன்பு தங்கிய ஓரிடத்தில், மதியம் வந்த பெரியம்மா குடும்பத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கேட்டார்கள். பெரியம்மா முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: பத்துப் பேர் வந்தால் உட்காரலாமா, சமைக்கலாமா?

அத்தைக்கு முதலில் வருத்தம்தான். "ஏங்கண்ணு, நம்மூடு இருக்கறப்போ காசு குடுத்து எதுக்கு வெளிய தங்கோணும்?" என்றார். மறுநாள் காலையிலேயே சாளைக்கு வந்தார். வீட்டுக்கார அம்மாவிடம் பெரிய குண்டாவாக ஒன்று வாங்கி, அரிசியும் பருப்பும் சாதத்துக்குத் திண்ணையிலேயே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார்.