கேரவன் படுதா சிக்குகிறதா? ஸ்ப்ரே வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பழைய டெம்போ டிராவலரை வாங்கிக் கேரவனாக மாற்றிக்கொள்ளும் ஆசை நம்ம பக்கம் கூடிக்கொண்டே போகிறது. பொள்ளாச்சியில் ஷூட்டிங் கேரவன்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள்தானே நாம்! அப்படி வண்டி கட்டக் கொடுக்கிறவர்கள், பக்கவாட்டில் விரிக்கிற ஆனிங் படுதாவுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு பட்டறை எனக்கு அளவு தப்பிய படுதாவை விற்றது. அதோடு விடவில்லை. சிக்குகிறது என்று போய் நின்றபோதெல்லாம் அதைச் சரிசெய்ய என்று இன்னொரு சாமானையும் தலையில் கட்டியது. விவகாரம் முடியாததால் பெயரைப் போடவில்லை.

வண்டியின் இடது பக்கம், கதவுக்கு மேலே, கூரையை ஒட்டி ஓர் அலுமினிய சேனல் ஓடும். உள்ளே உருண்டையான துளை, வெளியே குறுகலான வாய். படுதாவின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் கயிறு ஒன்றை உள்ளே வைத்துத் தைத்திருப்பார்கள். அதுதான் பீடிங். சேனலின் ஒரு முனையில் அதை நுழைத்து, பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி மறுமுனை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். ஒருவர் முனையில் நின்று சுருக்கமில்லாமல் ஊட்ட, இன்னொருவர் சேனலுக்கு நேராக இழுத்தால் நான்கு மீட்டர் படுதா சுலபமாகப் போய்விடும். கீழ்நோக்கி இழுத்தால் எந்தப் படுதாவும் சிக்கும்.

வெளிநாட்டுக் கேரவன்களில் இந்த சேனல் வண்டியோடே வருகிறது. பீடிங்கும் பெரும்பாலும் 5 முதல் 7 மி.மீ.க்குள் இருக்கும், அளவு பார்த்து வாங்கிக்கொள்வார்கள். இங்கே சேனலை ஒருத்தர் அடிக்கிறார், படுதாவை இன்னொருத்தர் தைக்கிறார். ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியது பட்டறைக்காரரின் வேலை. அதற்குத்தானே காசு.

டெலிவரி அன்றைக்குப் படுதாவை ஏற்கெனவே மாட்டி, விரித்து, அதன் கீழே நாற்காலி எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டுங்கள் என்றேன். “பசங்க சாப்பிடப் போயிட்டாங்கண்ணா, அதெல்லாம் வழுக்கிட்டுப் போகுமுங்க” என்றார் உரிமையாளர். ஆழியாறு போய்ச் சேர்ந்து முதல் தடவையாக மாட்டினால் பாதியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

போன் போட்டால், “புதுசுங்கண்ணா, இழுக்க இழுக்கப் பழகிக்கும். நம்மகிட்ட இம்போர்ட்டட் ஸ்ப்ரே ஒண்ணு இருக்குது, வந்து வாங்கிக்கங்க.” 850 ரூபாய். டப்பா மேலே அவர்கள் கடை ஸ்டிக்கர். கொஞ்ச நாளில் வெயிலில் ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் பார்த்தால் தாழ்ப்பாளுக்கும் துருப்பிடித்த போல்ட்டுக்கும் அடிக்கிற சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே. அச்சிட்ட விலை நான் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. பாக்கெட்டில் போட்ட விலைக்கு மேல் விற்பதே சட்டப்படி குற்றம். அதை ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பதை என்னவென்று சொல்ல?

காசை விட எனக்கு எரிச்சல், அந்த எண்ணெய் செய்த வேலைதான். அடித்தவுடன் வழுக்குவது போலத்தான் இருக்கும். அப்புறம் பல்லடம் ரோட்டுப் புழுதி எல்லாம் அதில் ஒட்டிக் கறுப்புப் பசையாகி, முன்பை விட மோசமாகச் சிக்கியது. துணியின் மேல் விளிம்பு முழுக்க எண்ணெய்க் கறை. தண்ணீர் ஒட்டாமலிருக்கத் துணிக்குப் போட்டிருந்த பூச்சும் அந்த இடத்தில் போய்விட்டது. மழை வந்தால் அங்கேதான் ஒழுகுகிறது.

அதைச் சொன்னதற்கு ‘ஸ்லைடர் கிட்’ என்று நைலான் வில்லைகளைக் கொடுத்து 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வில்லைகள் துளையை விடச் சின்னவை. அவையும் அதே இடத்தில் போய் நின்றன. கோளாறு சேனலில் என்று அப்போதே பட்டறைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆடி மாதம் உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அங்கே எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றனவே. பாதியில் சிக்கிய படுதா, கழற்றவும் முடியவில்லை. காற்று அடித்த அடியில் விளிம்புத் தையல் ஒரு முழத்துக்குக் கிழிந்தது. வண்டிக்குப் பக்கத்தில் குழந்தைகள் யாரும் நிற்காதது நல்லதாகப் போயிற்று.

கடைசியில் சங்ககிரியில் லாரிப் படுதா தைக்கிற ஒரு பெரியவரிடம் போனேன். வாங்கிப் பார்த்தவர் முதலில் கேட்டது, “வெர்னியர் வச்சுப் பார்த்தாங்களா சாமி?” கனத்தையும் துளையையும் துல்லியமாக அளக்கிற கருவிதான் வெர்னியர். துளை 7 மி.மீ., பீடிங் கயிறு மட்டுமே 7. அதற்கு மேல் துணி சுற்றித் தைத்தால் 8-ஐத் தொடுகிறது. எப்படிப் போகும்? சேனலும் ஒரே நீளம் இல்லை. இரண்டு துண்டு, சேர்கிற இடத்தில் மயிரிழை ஏற்ற இறக்கம், வெட்டின பிசிறு அப்படியே. நுழைக்கிற முனையில் வாயை விரித்து மழுக்கவும் இல்லை.

அவர் 5 மி.மீ. கயிறு போட்டுத் தைத்தார். துணியோடு சேர்த்து 6. இன்னும் சின்னதாகப் போடக்கூடாதாம், காற்றில் சேனல் வாய் வழியே பிதுங்கி வந்துவிடும். சேனல் துண்டுகள் சேர்கிற இடத்தை நேராக்கி அரத்தால் ராவினார், நுழைவாயை லேசாக விரித்தார், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சேனலுக்குள் விட்டு இழுத்து அழுக்கை எடுத்தார். எண்ணெய் வேண்டாம், காய்ந்து போகிற சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணித்துண்டில் அடித்து பீடிங்கில் மட்டும் தடவினால் போதும் என்றார். சேனல் ஓரத்தில் சீலண்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கிற பசை) வைக்கிற வேலை பாக்கி இருந்தால் அதை முதலில் முடித்துவிட வேண்டும், சிலிக்கான் எண்ணெய் பட்ட இடத்தில் சீலண்ட் ஒட்டாது. எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். இப்போது என் மனைவியும் மகளுமே மாட்டிவிடுகிறார்கள்.

பட்டறைக்குப் போய்க் கேட்டால், “வெளியாள் கை வச்சுட்டாருங்க, இனி நாங்க பொறுப்பில்லை.” பில்லில் ‘ஆனிங் 1 செட்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சேனல் துளை, பீடிங் கனம், துணி வகை மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத பட்டறையில் படுதா வேண்டாம், வண்டியை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு ஸ்ப்ரே காசு மட்டும் திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கியவற்றுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். உங்களுக்கும் இதே கதை என்றால், பிரித்தெடுத்த பழைய பீடிங்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதையும் சேனலையும் வெர்னியரில் வைத்து எடுத்த போட்டோவும், அந்த ஸ்டிக்கர் டப்பாவும்தான் இப்போது என்னிடம் இருக்கிற சாட்சி.