டெர்பி ஆர்போரேட்டம்: சின்னப் பூங்கா, நீண்ட நடை

இங்கிலாந்தின் டெர்பி நகரத்துக்குக் குடிவந்ததிலிருந்து என் மாலை நடை ஆர்போரேட்டம் என்ற இந்தப் பூங்காவில்தான். பலவகை மரங்களைச் சேர்த்து வளர்க்கும் தோட்டம் என்பது அந்தச் சொல்லின் பொருள். தொடங்கியபோது இதன் பரப்பு வெறும் 11 ஏக்கர். வரைபடத்தில் பார்த்தால், இதற்குள் எத்தனை சுற்றுதான் சுற்றுவது என்று தோன்றும். உள்ளே நடந்தால் அந்தக் குறை தெரியாது. வடிவமைத்த ஜான் கிளாடியஸ் லவுடன், தட்டையான நிலத்தில் ஆளுயரத்துக்கு மண்மேடுகளை எழுப்பி, அவற்றை ஒட்டிப் பாதைகளை வளைத்து விட்டார். அடுத்த பாதையில் போகிறவரின் பேச்சு காதில் விழும், ஆள் கண்ணில் படமாட்டார். கூட்டமான ஞாயிற்றுக்கிழமையிலும் தனியாக நடப்பது போலிருக்கும். எனக்கு இங்கே மிகவும் பிடித்தது இதுதான்.

நிலத்தைக் கொடுத்தவர் பஞ்சாலை முதலாளி ஜோசப் ஸ்ட்ரட். தன் செல்வம் இவ்வூர் மக்களின் உழைப்பால் வந்தது, அதில் ஒரு பங்கு அவர்களுக்கே போகட்டும் என்றார். 1840 செப்டம்பரில் திறப்பு விழா. மூன்று நாள் ஊரே கொண்டாடியது. ஆனால் நிலம் கொடுத்தவர் பராமரிப்புக்கென்று நிதி வைக்கவில்லை. அதனால் வாரத்தில் இரண்டே நாள்தான் இலவசம், மற்ற நாட்களில் கட்டணம். முழுக்க இலவசமானது 1882இல். தானம் செய்ய நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மரங்களுக்காகவே வருகிறவர்களுக்குச் சற்று ஏமாற்றம் இருக்கலாம். லவுடன் ஆயிரத்தை ஒட்டிய வகைகளை வகைக்கு ஒன்றாக இடைவெளி விட்டு நட்டு, பெயர்ப் பலகையும் வைத்தார். உழைப்பாளிகள் உலாவிக்கொண்டே தாவரவியல் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தொழிற்சாலைப் புகையில் பல பட்டுப்போயின. இன்று இருப்பதில் பெரும்பகுதி பின்னால் நட்டவை.

குழந்தைகள் நேராக ஓடுவது வெண்கலக் காட்டுப்பன்றியிடம். பழைய சிலை இரண்டாம் உலகப்போரில் 1941 குண்டுவீச்சில் சிதைந்தது. இப்போதிருப்பது 2005இல் வைத்த நகல். முதுகு தேய்ந்து பளபளக்கும் அளவுக்கு ஏறி உட்காருகிறார்கள்.

குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அப்போது மதியமே நல்லது. தள்ளுவண்டியோடு வருகிறவர்கள் நடுவில் போகும் அகலமான நேர்ப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் பிள்ளைகளை மேட்டில் ஏறவிடாதீர்கள். புல் வழுக்கும், உடுப்பெல்லாம் சேறாகும்.