மண்ணுக்குள் போகும் தண்ணீர்க் குழாய்: ஜிஐ, பிவிசி, எச்டிபிஇ

கானாடுகாத்தானில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. தெருக்குழாய் இணைப்பு முகப்புப் பக்கம், தொட்டியோ பின்கட்டில். இடையில் முடுக்கு வழியாக 160 அடிக்கு மண்ணுக்குள் குழாய் ஓடுகிறது. அதில் மூன்று வகையும் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது இருப்பது எச்டிபிஇ, அதாவது வளையக்கூடிய கெட்டிப் பாலிதீன் குழாய். என் ஓட்டும் அதற்குத்தான்.

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அப்பா காலத்தில் போட்டது. அதன் பலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மரை வெட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, இரும்பும் மெலிந்துவிடுகிறது. துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். தோண்டி எடுத்து ரெஞ்சைப் போட்டதும் எங்கள் எல்போ (வளைவு மூட்டு) அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது.

பிவிசி விலை குறைவு, துருவும் பிடிக்காது. எங்களுக்கு ஆறு வருஷம் உழைத்தது. இங்கே மண் செம்புறாங்கல் சரளை. தோண்டிய கல்லையே மேலே தள்ளி மூடிவிட்டார்கள். தெருவில் வால்வைத் திறக்கும்போதெல்லாம் காற்று முன்னே ஓட, தண்ணீர் பின்னால் வந்து முட்டும். அந்த அதிர்ச்சியில் அடியில் இருந்த ஒரு கூர்க்கல் குத்திக் குத்தி, முழ நீளத்துக்குக் கீறிவிட்டது. மணல் பரப்பியிருந்தால் இன்னும் சில வருஷம் நின்றிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கீறல் போக, மூட்டுச் சாக்கெட்டுகளில் இரண்டு பசை விட்டுக் கசிந்துகொண்டிருந்தன.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த மூட்டு விஷயம்தான். ஜிஐ, பிவிசி இரண்டும் 20 அடித் துண்டுகள். 160 அடிக்கு வளைவுகள் போக ஏழு மூட்டு. கசிந்தாலும் சரளை மண் தண்ணீரைக் குடித்துவிடும், மேலே ஈரமே தெரியாது. தண்ணீர் நின்றதும் காலிக் குழாய் அதே ஓட்டை வழியாக வெளிச் சேற்றை உள்ளே இழுக்கும். அப்பத்தா சொம்பின் அடியில் செம்மண் தங்கியதைக் காட்டிய பிறகுதான் எங்களுக்கே கசிவு தெரிந்தது. குடிக்கிற தண்ணீர் இல்லையா, அன்றைக்கு எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

எச்டிபிஇ சுருளாக வருகிறது. குடிநீருக்கு நீலக்கோடு போட்ட கறுப்புக் குழாய், மேலே ஐஎஸ் 4984 என்று அச்சடித்திருக்கும். 160 அடியும் ஒரே துண்டு. வேப்பமர வேரைச் சுற்றி எல்போ இல்லாமலே வளைந்து போனது. மூட்டு இரண்டே இரண்டு, இரண்டும் தரைக்கு மேலே, கண்ணில் படும் இடத்தில். ஒரு நாள் வெயிலில் விரித்துப்போட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். அப்புறம் கீழும் மேலும் நாலு அங்குலம் மணல், அதற்கு மேல்தான் சரளை.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் மண்வெட்டி பட்டால் பசை ஒட்டாது, கம்ப்ரெஷன் கப்ளர் (திருகி இறுக்கும் இணைப்பு) போட வேண்டும். போட்டு நாலு வருஷம்தான் ஆகிறது, அந்த வேலை எங்களுக்கு இன்னும் வரவில்லை. சுவரில் ஏறும் கடைசித் துண்டை மட்டும் ஜிஐயாகவே விட்டிருக்கிறேன், அங்கே அதுதான் தொய்யாமல் நிற்கும்.

சுருள் வாங்கும்போது பத்தடி கூடுதலாகவே வாங்குங்கள். ஓரடி குறைந்தாலும் மண்ணுக்குள் ஒரு மூட்டு வந்துவிடும்.