தூத்துக்குடி பழைய பரோட்டாக் கடை: மாடிக்கு ஏறாதீர்கள்

மாடிக்கு ஏறாதீர்கள். தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் இருக்கிற அந்தப் பழைய பரோட்டாக் கடையைப் பற்றி இது ஒன்று தெரிந்தால் போதும், மற்றதை நேரம் இருந்தால் படியுங்கள். கடைப் பேரை எழுதவில்லை. குறையும் கொஞ்சம் சொல்லப்போகிறேன், அதைப் படித்துவிட்டு யாராவது போய் கல்லாவில் இருக்கிற அண்ணாச்சியிடம் வம்பு வளர்த்தால் அடுத்த தடவை எனக்குத்தான் இலை கிடைக்காது.

போனது நாலு பேர். பாளையங்கோட்டையில் இருந்து நான், பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கூட்டாளி, அவனுடைய மச்சான், அப்புறம் சென்னையில் செட்டிலாகி வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருகிற ஒருத்தன். இந்தச் சென்னைக்காரனுக்காகத்தான் ஏற்பாடு. "ஏல, பரோட்டாவை எண்ணெயில முக்கி எடுப்பாங்களாமே, உண்மையா?" என்று போனில் கேட்டவன் அவன். பாளையங்கோட்டையில் படித்தவன் இப்படிக் கேட்கலாமா? பக்கத்து ஊர் ஐம்பது கிலோமீட்டர், நாலு வழிச்சாலை, வல்லநாடு தாண்டினால் வந்துவிட்டது மாதிரிதான். கல்லூரிக் காலத்தில் பையன் வீட்டுக்குப் பயந்து எட்டு மணிக்கே படுத்துவிடுகிறவன், அதனால் விட்டுப்போயிருக்கிறது. இந்தக் கடைகளில் வியாபாரமே சாயங்காலம்தான் தொடங்கும். நைட் கிளப் என்று போர்டு வைத்துக்கொண்டு நடு இராத்திரி தாண்டியும் கல் காய்கிற ஊர் தூத்துக்குடி. துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், உப்பு ஏற்றப்போகும் லாரிக்காரர்கள், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகிற தோணிகளில் வேலை பார்ப்பவர்கள், எல்லோருக்கும் பசிக்கிற நேரம் வேறு.

ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கீழே ஹால் நிறைந்துவிட்டது, வாசலிலும் ஆள் நிற்கிறது. "மேல ஏசி இருக்கு அண்ணாச்சி, உடனே உட்காரலாம்" என்று ஒரு பையன் படியைக் காட்டினான். சரி என்று ஏறினோம். ஒரு ரவுண்டு மேலே சாப்பிட்டோம், கீழே இடம் விழுந்ததும் இறங்கி வந்து இன்னொரு ரவுண்டு. ஒரே கடை, ஒரே மாவு, ஒரே மாஸ்டர், இரண்டு சாப்பாட்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

முதலில் கீழே இருப்பதைச் சொல்கிறேன். அடுப்பு கடை வாசலிலேயே இருக்கிறது. அகலமான கல், நடுவில் குழிந்து, குழியில் எண்ணெய் நிற்கிறது. மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எண்ணெய் பூசிய மேடையில் உருண்டையைத் தட்டி, இரண்டு வீச்சு வீசுகிறார், மாவு மேடை தெரிகிற அளவுக்கு மெலிசாகிறது, அதை மடித்துச் சுருட்டி ஓரமாக வைக்கிறார். சுருட்டினதை உடனே கல்லில் போடுவதில்லை. முதலில் சுருட்டி வைத்தது கொஞ்சம் இளகிய பிறகுதான் உள்ளங்கையால் அமுக்கி எண்ணெய்க்குள் நழுவ விடுகிறார். அவசரப்பட்டால் மாவு சுருங்கி நடு வேகாமல் நிற்கும். கல்லின் ஓரத்தில் முதலில் லேசாக வெந்து, பிறகு நடுவுக்கு வந்து பொரிகிறது. பொரிந்ததை எடுத்து உடனே இலைக்கு அனுப்பாமல், கல்லின் மேட்டில் சாய்த்து வைத்து எண்ணெய் வடிய விடுகிறார். இந்த வடிகிற நேரம்தான் நல்ல கடைக்கும் சுமாரான கடைக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைக்கிறேன். பல கடைகளில் கூட்டம் ஏறியதும் வடியவிட மாட்டார்கள், இலையில் எண்ணெய் ஓடும், நெஞ்சைக் கரிக்கும். இங்கே கூட்ட நேரத்திலும் அந்த மனுஷர் கை அவசரப்படவில்லை.

பரோட்டா சின்னது, உள்ளங்கை அளவுதான். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் ஏடு ஏடாகப் பிரிகிறது. பரிமாறுகிறவர் இலையில் நாலைந்து போட்டுவிட்டு, "பிச்சுப் போடவா, அப்படியே வேணுமா?" என்று கேட்பார். அப்படியே வாங்கி, முதல் ஒன்றைச் சால்னா தொடாமல் வெறுமனே தின்றுபாருங்கள். பிறகு பிய்த்துப் போட்டு ஊற்றச் சொல்லலாம். ஊற்றியதும் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் ஊறத் தொடங்கியதில் இருந்து இரண்டு மூன்று நிமிஷம்தான் அது சரியான பதத்தில் இருக்கும், பாதி மொறுமொறு, பாதி ஊறல். அதற்கு மேல் போனால் கூழ்.

சால்னாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணியாகத்தான் இருக்கும். சென்னை ஹோட்டல்களில் பரோட்டாவுக்கு வருகிற கெட்டிக் குருமாவை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் கரண்டியிலேயே முகம் சுளிப்பார்கள், எங்கள் ஆளும் சுளித்தான். பொரித்த பரோட்டாவுக்குக் கெட்டியாக ஊற்றினால் அது மேலேயே நிற்கும், ஏட்டுக்குள் இறங்காது. தேங்காய், சோம்பு, கொஞ்சம் கறிச்சாறு, மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெய், அவ்வளவுதான், ஆனால் சோம்பு வாசனை மூக்குக்கு முதலில் வந்து காரம் தொண்டைக்குக் கடைசியில் வருகிறது. கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள், முகம் சுளிக்காமல். மூன்றாவது வாளி வந்தபோது சென்னைக்காரன் தலையை நிமிர்த்தவே இல்லை.

பக்கத்துக்குப் பொரித்த கோழி வாங்கினோம், நன்றாக இருந்தது. காடை சுமார், எலும்பு அதிகம். ஆம்லெட்டில் சின்ன வெங்காயம் போடுகிறார்கள், அதுதான் என் ஓட்டு. செங்கோட்டைப் பக்கம் பார்டர் கடையில் தின்கிற மிளகுக் கோழியை இதோடு வைத்துப் பேசிப் பேட்டைக்காரன் ஒரு பெரிய வாதத்தைத் தொடங்கினான். அது மிருதுவான கல் பரோட்டாவுக்குச் செய்தது, இது வேறு ரகம், இரண்டுக்கும் போட்டியே கிடையாது என்றால் கேட்கமாட்டேன் என்கிறான். குற்றாலத்துக்கு ஒரு தடவை கூட்டிப்போனால் அவனே அங்கே உட்கார்ந்துகொண்டு தூத்துக்குடியைப் பேசுவான்.

இப்போது மேலே. குளிர் நன்றாக இருக்கிறது, நாற்காலி நன்றாக இருக்கிறது, சுவரில் பழைய துறைமுகப் படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சாப்பாடுதான் சரியில்லை. பரோட்டா அடுப்பில் இருந்து இறங்கி, தட்டில் அடுக்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, இருபது படி ஏறி வருகிறது. மூடினால் ஆவி எங்கே போகும்? பரோட்டாவுக்குள்தான் போகும். மேசைக்கு வரும்போது ஓரம் எல்லாம் வதங்கி, ரப்பர். அதற்கு மேல் ஏசிக் காற்றில் எண்ணெய் உறைந்து விரலில் ஒட்டுகிறது. சால்னா வாளியில் வருவதில்லை, சின்னக் கிண்ணத்தில் அளந்து வருகிறது. இரண்டாவது கிண்ணம் கேட்டால் பையன் கீழே போய்விட்டு வருகிறான், அதற்குள் தட்டில் இருப்பது இன்னும் ஆறுகிறது. இதற்கு விலையும் கூட.

மேலே கொடுக்கிற அட்டையில் ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், தந்தூரி எல்லாம் இருக்கிறது. ஒரு பரோட்டாக் கடைக்கு இது எதற்கு என்று கேட்டால், குடும்பமாக வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்று பதில் வரும், நியாயம்தான், பிள்ளைகள் நூடுல்ஸ் இல்லாமல் எங்கே சாப்பிடுகின்றன. ஆனால் மீன் விஷயத்தில் நியாயம் இல்லை. நாங்கள் போனது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப் படகில் வருகிற கொஞ்ச மீனும் ஏலத்தில் எகிறிப்போகும். அந்த நேரத்தில் அட்டையில் சீலா வறுவல், விளமீன் வறுவல், இறால் என்று ஒன்றுவிடாமல் இருந்தால் அது ஐஸ் பெட்டி மீன், அல்லது தடை ஜூன் மாதம்தான் தொடங்குகிற கேரளக் கரையில் இருந்து லாரியில் வந்த மீன். சென்னைக்காரன் கடல் ஊருக்கு வந்துவிட்டு மீன் தின்னாமல் போவதா என்று ஒரு துண்டு சீலா சொன்னான். மசாலா கனமாக அப்பியிருந்தது, உள்ளே சதை பஞ்சாகப் போயிருந்தது. பையனிடம் கேட்டேன், "ஃபிரெஷ் மீன்தான் சார்" என்று கூசாமல் சொன்னான். கீழே அண்ணாச்சி, மேலே சார். மீன் தின்ன ஆசை இருந்தால் ஜூன் கடைசிக்கு மேல் போங்கள், அதையும் மதியச் சாப்பாட்டுக் கடைகளில் தின்னுங்கள், பரோட்டாக் கடையில் வேண்டாம்.

கடை எவ்வளவு பழசு என்பதில் ஊருக்குள் பல கதை. கல்லாவுக்கு மேலே மாலை போட்ட இரண்டு படம் இருக்கிறது, தாத்தாவும் அப்பாவும், இப்போது நடத்துகிறவர் மூன்றாவது தலைமுறை. பக்கத்து இலையில் இருந்த பெரியவர் ஒருவர், வ.உ.சி. இங்கே வந்து சாப்பிட்டிருக்கிறார் என்று அடித்துச் சொன்னார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தியவர் இந்தத் தெருவில் நடந்திருப்பார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்கு உரை எழுதிய மனிதர் பரோட்டாவும் சால்னாவும் தின்றார் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. கட்டடம் என்னவோ பழசுதான். தேக்கு உத்திரம், உயரமான கூரை, உப்புக் காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்து திட்டுத்திட்டாகத் தெரிகிற சுவர். 1876இல் ரயில் வந்து, 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கிற வரைக்கும் சென்னையில் இருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே ரயிலை விட்டு இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். இந்தத் தெருக்களில் சாப்பாட்டுக் கடையும் தங்குகிற இடமும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2011இல் மறுபடி கொழும்புக்கு ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள், சில மாதத்தில் நின்றுபோனது. அந்தக் கப்பல் ஓடிய காலத்தில் சிங்களப் பேச்சும் கடைக்குள் கேட்டது என்று கல்லா அண்ணாச்சி சொன்னார். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், பின்னால் பில் கட்ட ஏழு பேர் நிற்பார்கள், அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

பேட்டைக்காரனின் மச்சான் சைவம், அவனைத் தெரிந்தே கூட்டிப்போனோம். அவன் ஊரில் இட்லி தின்றுவிட்டுத்தான் வண்டியில் ஏறினான். சைவக்காரர்களுக்கு இந்தக் கடையில் கீழே ஒன்றும் இல்லை. வெறும் சால்னா என்று கேட்டாலும் அதில் கறிச்சாறு உண்டு, கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள், அது பாராட்ட வேண்டிய விஷயம். பரோட்டாவுக்குச் சர்க்கரையும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதைப் பிசைந்து தின்றுவிட்டு மச்சான் சந்தோஷமாகத்தான் இருந்தான். பாவம், மக்ரூனும் அவனுக்குக் கிடையாது. தூத்துக்குடி மக்ரூனில் முந்திரியையும் சர்க்கரையையும் தூக்கி நிறுத்துவதே முட்டையின் வெள்ளைக்கருதான். இது தெரியாமல் சைவம் சாப்பிடுகிற சொந்தக்காரர்களுக்குக் கிலோக் கணக்கில் வாங்கிப்போய்க் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர்.

மற்ற குறைகள். கழிவறையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது, பெண்களோடு போகிறவர்கள் வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ளுங்கள். கை கழுவுகிற இடத்தில் தரை வழுக்குகிறது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் பாட்டிலை நீட்டுகிறார்கள், டம்ளரில் தருவதற்கு இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. வல்லநாட்டில் இருந்து குழாய் போட்டு இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துவுக்குச் சிலை வைத்திருக்கிற ஊரில் இது கொஞ்சம் அதிகம். கார் நிறுத்த இடமே கிடையாது. ரோச் பூங்காப் பக்கம் விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தோம்.

பில்லைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீழே நாலு பேருக்கும் கோழி, காடை, ஆம்லெட் எல்லாம் சேர்த்து எழுநூறுக்குள் முடிந்துவிட்டது. மேலே தின்ற அரைகுறைச் சாப்பாட்டுக்கு அதைவிடக் கூடக் கொடுத்தோம், பெரும்பங்கு அந்த ஒரு துண்டு சீலாவுக்கு.

போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் பத்துக்கு மேல் போங்கள். நடுவில் போனால் மாடியைத்தான் காட்டுவார்கள், "கீழதான் வேணும், நிக்கோம்" என்று சொல்லிவிட்டு வாசலில் மாஸ்டர் கையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், கால் மணி நேரத்தில் இலை விழும். ஜூலை 26இல் இருந்து ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா கோயில் திருவிழா, அந்தப் பதினொரு நாளும் ஊரே தெருவில் இருக்கும், சாப்பிடவென்று மட்டும் வருகிறவர்கள் அப்போது தவிர்த்துவிடலாம். மக்ரூன் வாங்குவதாக இருந்தால் முதலிலேயே வாங்கி வண்டியில் வைத்துவிடுங்கள், சாப்பிட்டு முடித்து வரும்போது பேக்கரிகளில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருப்பார்கள். பையைக் காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லுங்கள், கடல் காற்றில் அரை மணி நேரம் திறந்திருந்தால் நமத்துவிடும்.