வடிவக் கவிதை: கோட்டின் மேலா, கோட்டுக்குள்ளா, கோடே இல்லாமலா?

எதைப் பற்றிய கவிதையோ அதன் உருவத்திலேயே வார்த்தைகள் நிற்பதுதான் வடிவக் கவிதை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதில் மூன்று வழிகள் உண்டு. படத்தின் வெளிக்கோட்டின் மேலேயே வார்த்தைகளை ஓடவிடலாம், வெளிக்கோட்டுக்குள் வார்த்தைகளை நிரப்பலாம், இல்லையென்றால் கோடே போடாமல் வரிகளைக் கூட்டிக் குறைத்து உருவத்தை வரவைக்கலாம். மூன்றையும் வகுப்பில் செய்து பார்த்தாயிற்று. பெரும்பாலும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது நிரப்பும் முறையைத்தான். எனக்குச் சண்டையும் அதோடுதான்.

நிரப்புவது என்று வந்துவிட்டால் பிள்ளையின் கண்ணுக்குக் காலி இடம்தான் தெரியும், கவிதை தெரியாது. ஒருமுறை குடைப் படம் கொடுத்தேன். ஒரு பையன் "மழை வந்தது, குடை சிரித்தது" என்று அழகாகத்தான் தொடங்கினான். பாதிக் குடை இன்னும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்ததும் மீதி முழுக்க மழை மழை மழை மழை என்று எழுதி அடைத்துவிட்டு, முடிஞ்சிருச்சு என்று முதல் ஆளாக நீட்டினான். (அதையும் கொட்டுகிற மழையாக எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு நிமிடம் சபலப்பட்டேன். இல்லை, அவன் ஓட்டையைத்தான் அடைத்திருந்தான்.) தமிழில் இதற்கு இன்னொரு தொல்லையும் உண்டு, நம் வினைச்சொற்கள் நீளம். 'நீந்திக்கொண்டிருக்கிறது' மீனின் வாலுக்குள் எப்படி நுழையும்? பிள்ளை சொல்லை ஒடிக்கும், அதுவும் 'கொ'வின் கொம்பை இந்த வரியிலும் மீதியை அடுத்த வரியிலும் வைத்து ஒடிக்கும், அப்புறம் எழுதிய பிள்ளைக்கே வாசிக்க வராது.

இருந்தாலும் இதைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், கவிதையைத் தனித்தாளில் எழுதி முடித்த பிறகு படத்தைக் கொடுங்கள். வெளிக்கோட்டை அழுத்தமாக வரைந்து வெள்ளைத் தாளுக்கு அடியில் வைத்து எழுதவிட்டால், அடித்தாளை உருவியதும் எழுத்து மட்டும் நிற்கும். மீனா, மாங்காயா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கோட்டின் மேல் எழுதுவது ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குச் சரி. ஒரே ஒரு நல்ல வாக்கியம் இருந்தால் போதும். ஆனால் எல்லாப் பொருளுக்கும் இது ஒத்துவராது. பாம்பு, புகை, ஆறு, பட்டத்தின் நூல் மாதிரி தானே ஒரு கோடாக இருக்கும் பொருள் வேண்டும். பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர் மழையைப் பற்றி எழுதிய கவிதையில் எழுத்துகள் தாளின் மேலிருந்து கீழே சாய்ந்து வடியும், அவருடைய வடிவக் கவிதைகள் 1918இல் நூலாக வந்தன. எனக்குப் பிடித்தது நத்தை. சுருளுக்குள் வாக்கியம் சுற்றிச் சுற்றிப் போகும்போது வாசிப்பவரும் தாளைத் திருப்பித் திருப்பி மெதுவாகத்தான் வாசிக்க முடியும், நத்தை வேகம் கையிலேயே வந்துவிடும். ஆப்பிளின் ஓரத்தைச் சுற்றி எழுதினால் அப்படி ஒன்றும் நடக்காது, பாதி எழுத்து தலைகீழாக நிற்கும், அவ்வளவுதான். எங்கே தொடங்குவது என்று ஒரு புள்ளி வைக்க மறக்காதீர்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்பு என்றால் யோசிக்கவே மாட்டேன், கோடு இல்லாத முறைதான். நம் மரபில் இதற்குப் பெரிய அண்ணன் இருக்கிறார்: திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய எழுகூற்றிருக்கை என்ற பாட்டு வகை. பாட்டுக்குள் வரும் எண்கள் 1 2 1, பிறகு 1 2 3 2 1 என்று தட்டுத்தட்டாக ஏழு வரை விரிந்துகொண்டே போகும், அடுக்கிப் பார்த்தால் தேர். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கை மட்டும் எடுத்து, எண்களுக்குப் பதில் வார்த்தைகளை எண்ணச் சொல்கிறேன். எழுத்தை எண்ணவிட்டால் புள்ளி வைத்த எழுத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று பீரியட் முழுக்க வழக்கு ஓடும். பட்டத்துக்கு 1, 2, 3, 2, 1, வாலுக்கு இன்னொரு 1:

ஏறு
இன்னும் ஏறு
மேகம் வரைக்கும் ஏறு
நூல் தீர்ந்துபோச்சு
இறங்கு
வா

இதைத் தாளின் நடுவில் வரும்படி எழுதினால் பட்டம். ஏறும்போது வரி விரிகிறது, நூல் தீர்ந்ததும் சுருங்குகிறது, அந்த 'வா' வாலாகத் தொங்குகிறது. தாளை மறைத்துவிட்டு வாசித்தாலும் இது காதுக்கு நிற்கும். குடைக்குள் அடைத்த மழையை அப்படி வாசிக்கச் சொன்னேன், நான்காவது மழையிலேயே அந்தப் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கணினியில் வார்த்தைகளைக் கொட்டினால் இதயமாகவோ மரமாகவோ அடுக்கித் தரும் செயலிகளும் இருக்கின்றன. சுவரில் ஒட்ட நன்றாக இருக்கும். எந்த வார்த்தை எங்கே என்பதைச் செயலி முடிவு செய்தால் பிள்ளைக்கு அதில் என்ன வேலை?

கோடு இல்லாத முறைக்கு ஒரு குறை, நேரம் இழுக்கும். ஒரு பீரியடில் முடியாது, இரண்டு வேண்டும், முதல் வரைவில் உருவம் கோணலாகத்தான் வரும். அப்போது பென்சிலை வாங்கி ஓரம் வரைந்து காப்பாற்றிவிடாதீர்கள். எந்த வரியில் ஒரு வார்த்தையைக் கூட்டலாம் என்று கேளுங்கள், பிள்ளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே தேடட்டும்.