கிண்டிலில் தமிழைக் காதால் படிப்பது: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அமேசானின் கிண்டில் செயலியில் தமிழ் மின்னூலைக் குரல் வழியாகப் படிக்கலாம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓரளவு நன்றாகவே நடக்கிறது. ஆனால் அந்த ஒரு வசதிக்காகவே நூலும் சந்தாவும் வாங்குகிறவர்கள், குறிப்பாகப் பார்வை மாற்றுத்திறனாளிகள், ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். குரலை அணைக்கும் சுவிட்ச் உங்களிடம் மட்டும் இல்லை. பதிப்பகத்திடம் ஒன்று, அமேசானிடம் ஒன்று, குரலைத் தருகிற கூகுளிடமோ ஆப்பிளிடமோ இன்னொன்று. இவர்களில் யார் அணைத்தாலும் நூல் பேசாது.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை, கிண்டிலிலேயே நடந்தது. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் 359 டாலருக்கு வந்த கிண்டில் 2, எந்த நூலையும் வாய்விட்டுப் படிக்கும் என்று சொல்லி விற்கப்பட்டது. அதன் விசைப்பலகையில் ஷிஃப்ட், சிம் (Sym) விசைகள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் படிக்கத் தொடங்கும். ஆண்குரல், பெண்குரல், மூன்று வேகம் என்று வைத்திருந்தார்கள். ஒலிநூல் உரிமையில் இது கைவைக்கிறது என்று ஆதர்ஸ் கில்ட் என்ற எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. கருவி வாங்கியவர்கள் கைக்கு வந்த அதே வாரம் அமேசான் பின்வாங்கியது. வசதி சட்டப்படி சரியானதே, நகல் எதுவும் எடுக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, எந்த நூலைப் பேசவிடலாம் என்பதை உரிமையாளர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுக்கொடுத்தது. மே மாதம் ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் தன் நூல்களில் குரலை அணைத்தது.

அதற்கு முன்பே, ஏப்ரல் 7 அன்று, நியூயார்க்கில் கில்ட் அலுவலக வாசலில் குரலை அடைக்கக் கூடாது என்று பார்வையற்றோர் அமைப்புகள் திரண்டு போராடின. அவர்கள் கேட்டது முற்றிலும் நியாயம். உலகில் பெரும்பாலான நூல்களுக்கு ஒலிநூல் பதிப்பே கிடையாது. அந்த நூல்களின் குரலை அடைப்பதால் யாருடைய ஒலிநூல் விற்பனையும் காப்பாற்றப்படுவதில்லை. படிக்க இருந்த ஒரே வழி மட்டும் போகிறது.

பிறகு கருவியே மாறியது. 2012-இல் வந்த கிண்டில் பேப்பர்வொயிட்டில் ஸ்பீக்கரும் இல்லை, ஹெட்ஃபோன் துளையும் இல்லை. பழையதை மாற்றிப் புதியது வாங்கியவர்கள் குரலை இழந்தார்கள். 2016-இல் தனியாக ஓர் ஆடியோ அடாப்டர் வந்தது. இப்போதைய கருவிகளில் புளூடூத் வழியாக வாய்ஸ்வியூ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள், இயங்குகிறது. ஆனால் அது தமிழ் படிக்காது. தமிழைக் கேட்பதற்காக ஈ-இங்க் (காகிதம் போன்ற திரை) கிண்டில் கருவி வாங்கவே வேண்டாம், போன் போதும்.

இது அமேசானின் குறை மட்டும் இல்லை. வாய்ஸ் ட்ரீம் ரீடர், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களும் பார்வையற்றவர்களும் பெரிதும் நம்பிய, உரையைக் குரலில் படிக்கும் ஐபோன் செயலி. ஒருமுறை காசு கொடுத்து வாங்கிப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்களிடம், செயலி கைமாறிய பின், 2024-இல், இனி ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பழைய வாடிக்கையாளர்களுக்கு அதைத் திரும்பப் பெற்றார்கள். ‘வாழ்நாள் உரிமம்’ என்று போட்டிருந்தாலும், கைமாறும் நாளில் அது புதிய உரிமையாளரின் மனசைப் பொறுத்துத்தான் நிற்கும்.

இனி வாங்கும் முறை. அமேசானில் நூலின் பக்கத்தில் பக்க எண்ணிக்கை, மொழி எல்லாம் போட்டிருக்கும் விவரப் பகுதிக்குப் போங்கள். ‘டெக்ஸ்ட்-டு-ஸ்பீச்’ (எழுத்தைக் குரலாக்கும் வசதி) என்ற வரி இருந்தால், அதில் ‘எனேபிள்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஸ்கிரீன் ரீடர்: சப்போர்ட்டட்’ என்பது வேறு வரி; ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் அந்த நூலைப் படிக்கும் என்று அர்த்தம். இரண்டில் எதுவும் இல்லாத நூலைக் கேட்பதற்காக வாங்காதீர்கள். அச்சுப் பக்கத்தை அப்படியே வைத்திருக்கும் நூல்களிலும் படக்கதைகளிலும் குரல் பெரும்பாலும் தடுமாறும். வாங்குகிற அன்றே அந்த விவரப் பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் அந்த வரி மாறினால், வாங்கியபோது என்ன சொல்லி விற்றார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று உங்களிடம் இருக்காது.

அடுத்தது குரல். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் ‘டெக்ஸ்ட்-டு-ஸ்பீச்’ என்று தேடுங்கள். குரலை உருவாக்கும் கூகுள் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொட்டு, ‘இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா’வுக்குள் தமிழைத் தேர்ந்தெடுத்து, குரலைப் பதிவிறக்குங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நெட் இருக்கும்வரை குரல் சர்வரிலிருந்து வருவதால் வித்தியாசம் தெரியாது. பேருந்தில் சிக்னல் போனதும் குரல் தரம் மாறும், அல்லது நின்றுபோகும். அதனால் பதிவிறக்கியதும் ஏர்பிளேன் மோடைப் போட்டு, மாதிரி வாக்கியத்தை ஒருமுறை ஓடவிடுங்கள். அப்போதும் தமிழில் பேசினால் அந்தக் குரல் உங்கள் போனில் இருக்கிறது. பேசாவிட்டால் அது இன்னும் வாடகைக் குரல்தான். ஐபோனில் தமிழ்க் குரலின் பெயர் வாணி. ஆக்சஸிபிலிட்டி பகுதியில் அதை இறக்கி ‘ஸ்பீக் ஸ்கிரீன்’ஐ இயக்கிவிட்டால், திரையின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரல்களைக் கீழே இழுத்ததும் படிக்கத் தொடங்கும்.

குரல் ஓடுகிறது, ஆனால் தமிழ் வரிகளைத் தாண்டி ஆங்கிலச் சொற்களையும் எண்களையும் மட்டும் படிக்கிறது என்றால் செயலியைக் குறை சொல்ல வேண்டாம். நூலின் மொழி ஆங்கிலம் என்று பதிவாகியிருக்கலாம், அல்லது போனில் ஆங்கிலக் குரல் முதன்மையாக இருக்கலாம். எஞ்சின் அமைப்பில் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘கி.பி.’, ‘உ.வே.சா.’ போன்றவற்றில் ஒவ்வொரு புள்ளியிலும் வாக்கியம் முடிந்ததாக நினைத்து நின்று நின்று படிப்பது வேறு சிக்கல். அதற்கு வாசகர் பக்கம் மருந்து இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் அர்த்தமில்லாத ஒலிதான் வரும். யூனிகோடு என்ற பொது எழுத்துமுறைக்கு மாற்றாமல் பயனில்லை.

கணினியில் எட்ஜ் உலாவியின் ‘ரீட் அலவுட்’ தரும் பல்லவி, வள்ளுவர் குரல்கள் கேட்க மிக இயல்பாக இருக்கின்றன. ஆனால் ‘ஆன்லைன்’ என்று குறிப்பிட்டவை நெட் இருந்தால்தான் வரும். கிண்டிலின் உலாவிப் பதிப்பிலும் இது உதவாது. அங்கே பக்கம் படமாக வருவதால் படிக்க எழுத்து கிடைப்பதில்லை. 2025 பிப்ரவரி 26 முதல் நூல் கோப்பைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் வழியையும் அமேசான் எடுத்துவிட்டது. வாங்கிய நூலைத் தன் வசதிப்படி படிக்க வாசகருக்கு இருந்த ஒரு கதவு அது. அதை மூடியது தவறு.

ஆகவே ஒரே நூல் இரண்டு இடத்தில் கிடைத்தால், நகல் பூட்டு (டிஆர்எம்) இல்லாத ஈபப் என்ற வகை மின்னூல் கோப்பை வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் சரி. அந்தக் கோப்பை ஆண்ட்ராய்டில் லிப்ரேரா செயலி படிக்கும், கணினியில் தோரியம் செயலி படிக்கும். ஒரு செயலி போனால் இன்னொன்றில் திறக்கலாம். பழைய இலக்கியத்துக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 முதல் இருக்கிறது. யூனிகோடு உரை, இலவசம், எந்தக் குரலிலும் ஓடும்.

கிண்டிலில் மட்டுமே கிடைக்கும் நூல் என்றால் முதலில் இலவச மாதிரியை இறக்கி, மேலே சொன்ன குரலில் ஓடவிடுங்கள். பக்கம் தானாகத் திரும்புகிறதா, அடிக்குறிப்பு எண்களில் சிக்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தவறி வாங்கிவிட்டால் பொதுவாக 7 நாளுக்குள் திருப்பலாம். பத்து சதவீதத்துக்கு மேல் படித்துவிட்டால் பொத்தானை அழுத்தித் திருப்ப முடியாமல் வாடிக்கையாளர் சேவையிடம் பேச வேண்டிவரும். அதனால் குரலைச் சோதிக்க முதல் அத்தியாயத்தைத் தாண்ட வேண்டாம்.