கம்யூனிட்டி மனநல திட்டங்கள்ல எது பெட்டர்னு கேட்டா, "எதைவிட?"ன்னு திருப்பிக் கேளுங்க

மனநல சேவையை ஆஸ்பத்திரிக்கு வெளிய, ஜனங்க இருக்கற இடத்துலயே கொண்டுபோய்க் கொடுக்கறதுக்கு உலகத்துல நிறைய மாடல் இருக்கு, ஆனா பேச்சு வந்தா சுத்திச் சுத்தி நாலு மாடல் பேருதான் அடிபடும். நாலுக்கும் தனித்தனி ரசிகர் மன்றம் வேற. ஒவ்வொரு கோஷ்டியும் கையில ஆளுக்கொரு ஆதாரத்தை வச்சுக்கிட்டு எங்களுதுதான் நிரூபிக்கப்பட்டதுன்னு சொல்லுவாங்க. உக்காந்து படிச்சுப் பாத்தா யாரும் பொய் சொல்லல, ஆனா எல்லாரும் வேற வேற எதிராளியோட ஓடி ஜெயிச்சிருக்காங்க. அதான் விஷயமே.

முதல்ல ஏசிடி, முழுப்பேரு அசெர்ட்டிவ் கம்யூனிட்டி ட்ரீட்மென்ட். 1970கள்ல அமெரிக்காவோட விஸ்கான்சின் மாநிலத்துல, மேடிசன்ங்கற ஊர்ல லியோனார்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட்னு ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்சு வச்சது. தீவிர மனநோய் இருக்கறவர், வார்டுல இருக்கறவரைக்கும் ஆள் நல்லா இருக்காரு, டிஸ்சார்ஜ் ஆகிப் போனா கொஞ்ச நாள்ல திரும்ப வந்துடறாரு, அப்போ வார்டு ஸ்டாஃபையே தூக்கி வெளிய போட்டா என்னன்னு யோசிச்சாங்க. சைக்கியாட்ரிஸ்ட், நர்ஸ், சோஷியல் ஒர்க்கர், வேலை தேடிக் கொடுக்கறவங்க எல்லாரும் ஒரே டீம், ஒரு ஸ்டாஃபுக்கு சுமார் 10 பேர், ராத்திரி பகல் பாக்காம கூப்பிட்டா வரணும், வீட்டுக்குத் தேடிப் போகணும், அப்பாயின்ட்மென்டுக்கு வரலன்னு கேஸை மூடக்கூடாது. 1980ல ரிசல்ட் வந்தப்போ ஆஸ்பத்திரி அட்மிஷன் கணிசமா குறைஞ்சிருந்துச்சு, அதுக்கப்புறம் உலகம் பூரா காப்பி அடிச்சாங்க.

இங்கிலாந்தும் அடிச்சுது. 2006ல வடக்கு லண்டன்ல 251 பேரை வச்சு ரியாக்ட்னு ஒரு ரேண்டமைஸ்டு ட்ரயல் (யார் எந்தப் பக்கம்னு சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு ஒப்பிடற ஆய்வு), பாதிப்பேருக்கு ஏசிடி டீம், பாதிப்பேருக்கு வழக்கமான கம்யூனிட்டி மனநல டீம். ஒன்றரை வருஷம் கழிச்சுப் பாத்தா ஆஸ்பத்திரி பெட்ல இருந்த நாட்கள்ல வித்தியாசமே இல்ல. அதுக்கு முன்னாடி 1999ல யூகே700னு 708 பேர வச்சு இன்னொரு பெரிய ட்ரயல், அது சுத்தமான ஏசிடி கிடையாது, ஒரு ஸ்டாஃபுக்கு எத்தனை பேர்ங்கற எண்ணிக்கையை மட்டும் 30-35ல இருந்து 10-15க்குக் குறைச்சுப் பாத்தாங்க, அதுலயும் பெட் நாட்கள் குறையல. உடனே ஏசிடி ஃபெயில்னு ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, மேடிசன்ல அன்னைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது ஆஸ்பத்திரியும் டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வழக்கமான ஃபாலோ-அப்பும்தான், லண்டன்ல எதிர்ப்பக்கம் இருந்த சாதா டீமே வீட்டுக்குப் போய்ப் பாக்கற டீம், நர்ஸும் சோஷியல் ஒர்க்கரும் ஏற்கெனவே ஒரே ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்க. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு சொல்லுவாங்களே, லண்டன்ல ஏற்கெனவே ஆலை இருந்துச்சு, அவ்ளோதான். 2007ல டாம் பர்ன்ஸ்ங்கற ஆய்வாளரும் மத்தவங்களும் இந்த மாதிரி ட்ரயல் எல்லாத்தையும் சேர்த்து அலசினப்போ இதையேதான் கண்டுபிடிச்சாங்க, ஏற்கெனவே பெட் அதிகமா யூஸ் ஆகற இடத்துலதான் தீவிர கேஸ் மேனேஜ்மென்ட் (ஒரு ஸ்டாஃப் கொஞ்சப் பேரை மட்டும் பொறுப்பெடுத்து விடாம கவனிக்கறது, ஏசிடியும் இதுல ஒரு வகை) பெட்டைக் குறைக்குது, கம்மியா யூஸ் ஆகற இடத்துல குறைக்கறதுக்கே ஒண்ணும் மிச்சம் இல்ல.

(ஒரு சின்ன நியாயம் சொல்லணும். அதே ரியாக்ட் ட்ரயல்ல ஏசிடி பக்கம் இருந்தவங்க டீமோட தொடர்புல நல்லா நிலைச்சு நின்னாங்க, திருப்தியும் அதிகம். பெட் கணக்கை மட்டும் பாத்துட்டு மூடினவங்க கண்ணுக்கு இது தெரியாது.)

ரெண்டாவது கொலாபரேட்டிவ் கேர். இது வேற ஜாதி குதிரை, இங்க குறி டிப்ரெஷன், ஆங்ஸைட்டி மாதிரி பரவலா இருக்கற பிரச்சனைகள். சாதாரண டாக்டர் கிளினிக்லயே ஒரு கேர் மேனேஜர், அவர்கிட்ட எல்லா பேஷன்ட் பேரும், நோய் எவ்ளோ தீவிரம்னு காட்டற ஸ்கோரும் போட்ட ஒரு ரெஜிஸ்டர், வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சைக்கியாட்ரிஸ்ட் அந்த ரெஜிஸ்டரைப் பாத்து, இவருக்கு எட்டு வாரமா ஸ்கோர் குறையல மருந்தை மாத்துங்க, அவருக்கு கவுன்சலிங் சேருங்கன்னு சொல்லுவாரு. பேஷன்ட்ல பெரும்பாலானவங்களை அவர் நேர்ல பாக்கறதே இல்ல, அதான் இதோட சாமர்த்தியம், ஒரு ஸ்பெஷலிஸ்டை வச்சு பல மடங்கு பேரை எட்டலாம். 2002ல வந்த இம்பாக்ட் ட்ரயல்ல 60 வயசுக்கு மேல 1,801 பேர், ஒரு வருஷத்துல டிப்ரெஷன் பாதிக்குப் பாதி குறைஞ்சவங்க 45 சதவீதம், வழக்கமான சிகிச்சைல 19 சதவீதம். 2012ல காக்ரேன்ங்கற மருத்துவ ஆய்வு அமைப்போட ரிவ்யூ 79 ட்ரயலை, இருபத்து நாலாயிரத்துக்கும் மேல பேரை சேர்த்துப் பாத்துட்டு, வேலை செய்யுதுன்னே சொல்லுச்சு. எண்ணிக்கைல பாத்தா நாலு மாடல்லயும் ஆதாரம் அதிகம் இருக்கறது இதுக்குத்தான்.

ஆனா இங்கதான் டூப்ளிகேட்டும் ஜாஸ்தி. அதே பில்டிங்ல ஒரு ரூம்ல ஒரு கவுன்சலரை உக்கார வச்சுட்டு "ஒருங்கிணைந்த சேவை"ன்னு போர்டு மாட்டிடறாங்க, ரெஜிஸ்டர் இல்ல, ஸ்கோர் பாக்கறது இல்ல, முன்னேறாதவரைத் தேடிப் போறவர் யாரும் இல்ல. அதுக்குப் பேரு பக்கத்து ரூம், கொலாபரேட்டிவ் கேர் இல்ல. அப்புறம் ரிசல்ட் வரலன்னா பழி மாடல் மேல.

மூணாவது ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச். ஜிம்பாப்வேல டிக்சன் சிபாண்டாங்கற சைக்கியாட்ரிஸ்ட் 2006ல ஹராரேல ஆரம்பிச்சது, பயிற்சி கொடுத்த பாட்டிமாருங்க கிளினிக் வாசல்ல மரப் பெஞ்சுல உக்காந்து பிரச்சனையைப் பிரிச்சு ஒவ்வொண்ணா தீர்க்க வழி தேடற மாதிரி பேசுவாங்க. 2016ல ரிசல்ட் வந்த ட்ரயல்ல 24 கிளினிக், 573 பேர், ஆறு மாசத்துல டிப்ரெஷன் இருக்கறவங்க பெஞ்ச் பக்கம் 13.7 சதவீதம், வழக்கமான சிகிச்சை பக்கம் 49.9. எனக்கு இதுல பிடிச்சது அந்த நம்பரைவிட அளவுகோல். ஷோனா பாஷைல "குஃபுங்கிசிசா"ன்னு ஒரு வார்த்தை, அதிகமா யோசிக்கறதுன்னு அர்த்தம், ஜனங்க அப்படித்தான் தங்களோட நோயைச் சொல்றாங்க, முக்கியமான அளவுகோலே ஷோனா பாஷைல உருவான 14 கேள்விப் பட்டியல்தான். வெளிய இருந்து மொழிபெயர்த்துக் கொண்டுவந்த கேள்வித்தாளை மட்டும் நம்பி மனுஷனை அளக்கறவங்க இதைக் கவனிக்கணும். பலவீனம்னா, ட்ரயல்ல 86 சதவீதம் பெண்கள், ஆம்பளைங்க பெஞ்சுக்கு வருவாங்களான்னு இதை வச்சு சொல்ல முடியாது. சைக்கோசிஸ் (நிஜம் எது பிரமை எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாமப் போறது) மாதிரி தீவிர நோய்க்கு இது செஞ்சதும் இல்ல, அதனால ஏசிடியோட ஒரே தட்டுல வச்சு எது சீப்னு கேக்கறது அர்த்தமே இல்லாத கேள்வி.

நாலாவது ட்ரியெஸ்டே, ஒரு ஊரோட பேரு. இத்தாலில இருக்கற அந்த ஊர்ல ஃபிராங்கோ பசாலியாங்கற சைக்கியாட்ரிஸ்ட் 1971ல பொறுப்பெடுத்தப்போ அங்க இருந்த மனநல ஆஸ்பத்திரில சுமார் 1,200 பேர் அடைஞ்சு கிடந்தாங்க. படிப்படியா அதைக் காலி பண்ணாங்க, 1978ல நாடு முழுக்க மனநல ஆஸ்பத்திரிகளை மூடச் சொல்லி 180ம் நம்பர் சட்டமும் வந்துச்சு. பதிலுக்கு ஏரியாவுக்கு ஒரு சென்டர், 24 மணி நேரமும் திறந்திருக்கும், சென்டருக்கு ஒரு சில பெட் மட்டும், பூட்டு கிடையாது, வேலைக்கு கூட்டுறவு சங்கங்க. ரேண்டமைஸ்டு ட்ரயல் ஒண்ணுகூட கிடையாது, ஒரு ஊரையே சீட்டுக் குலுக்கிப் போட்டு பிரிக்க முடியுமா என்ன. அதுக்காக ஆதாரமே இல்லன்னு ஒதுக்கறதும் தப்பு, ஆனா ஒரு கேள்வி எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு, அதே சட்டம் இத்தாலி முழுக்க வந்தும் எல்லா ஊரும் ட்ரியெஸ்டே ஆகலையே. அப்போ ஜெயிச்சது மாடலா, அங்க இருந்த ஆளுங்களா, அரசியலா? எந்த ரிப்போர்ட்டும் இதைப் பிரிச்சுக் காட்டினதா நான் பாக்கல.

இப்போ என்னை ரொம்ப யோசிக்க வச்ச ஆய்வுக்கு வரேன். 2010ல வந்த மானஸ் ட்ரயல், கோவாவுல நடந்தது, ஸ்பெஷலிஸ்ட் இல்லாத சாதாரண ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுத்து கிளினிக்ல கவுன்சலரா வச்சாங்க. அரசு கிளினிக்ல ஆறு மாசத்துல குணமானவங்க 65.9 சதவீதம், திட்டம் இல்லாத அரசு கிளினிக்ல 42.5. சூப்பர். தனியார் டாக்டருங்ககிட்ட? திட்டத்தோட 64.1, திட்டம் இல்லாம 65.9. திட்டம் ரெண்டு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல கொண்டுபோய் விட்டிருக்கு, ஆனா ஒரு இடத்துல ஹீரோ, இன்னொரு இடத்துல வேஸ்ட். திட்டம் இல்லாமலே தனியார் டாக்டருங்க பேஷன்ட்ஸ் அந்த அளவுக்கு வந்துட்டாங்க. யாராவது "எங்க திட்டத்துல 65 சதவீதம் குணம்"னு மட்டும் சொன்னா, அந்த நம்பர் என்கிட்ட எதுவும் சொல்லல.

அந்த 42.5ஐயும் கவனிங்க. ஒண்ணும் புதுசா பண்ணாம நூத்துக்கு நாப்பது பேருக்கு மேல ஆறு மாசத்துல தேறியிருக்காங்க, ஏன்னா ஜனங்க கிளினிக்குக்கு வர்றதே ரொம்ப மோசமா இருக்கற நேரத்துல, அங்க இருந்து பாதிப்பேர் தானாவே கொஞ்சம் இறங்கத்தான் செய்வாங்க. அதனால முன்னாடி ஸ்கோர், பின்னாடி ஸ்கோர்னு ரெண்டு பார் போட்டுக் காட்டற ரிப்போர்ட்டை நான் இப்போல்லாம் ஒரு புன்னகையோட கடந்து போயிடறேன்.

எதை அளக்கறோம்ங்கறதும் வெற்றியை மாத்திடும். கனடாவுல 2009ல அஞ்சு நகரத்துல தொடங்கின அட் ஹோம் திட்டம், வீடில்லாத, மனநலப் பிரச்சனை இருக்கற சுமார் 2,000 பேர், ஒரு பக்கத்துக்கு எந்த நிபந்தனையும் இல்லாம முதல்ல வீடு, கூடவே சப்போர்ட். வீட்டுல நிலைச்சிருக்கறதுல பெரிய வெற்றி. மனநல அறிகுறிகள்ல? ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். இதை "மனநல திட்டம்"னு பேர் வச்சு ஸ்கோரை மட்டும் பாத்தா தோல்வி, தெருவுல படுத்திருந்தவர்கிட்ட போய் கேட்டா பதிலே வேற.

காணாமப் போனவங்க கணக்கு இன்னொண்ணு. நூறு பேர் சேர்ந்தாங்கன்னு வச்சுக்குவோம், நாப்பது பேர் பாதில நின்னுட்டாங்க, மிச்சம் அறுபதுல முப்பத்தாறு பேருக்கு நல்லாச்சு. ரிப்போர்ட்ல 60 சதவீதம் வெற்றின்னு வரும், நிஜத்துல 36. அதைவிட மோசம், நின்னவங்கதான் பெரும்பாலும் ரொம்ப முடியாம இருந்தவங்களா இருப்பாங்க, அதனால மோசமான திட்டம் சில சமயம் நல்ல திட்டத்தைவிட அழகான சராசரி காட்டும், கஷ்டமான கேஸை விரட்டிட்டா சராசரி தானா ஏறிடுமே. விடாம தேடிப் போற ஏசிடி டீம்தான் இதுல மாட்டிக்கும், ஏன்னா அவங்க ரிஜிஸ்டர்ல யாரும் காணாமப் போறதில்ல.

திட்டம் பேப்பர்ல இருக்கற மாதிரி நடந்துச்சான்னும் பாக்கணும், ஏசிடிக்கு 28 அம்சத்தை ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடற ஒரு அளவுகோல் 1998லயே வந்துடுச்சு. அது தெரியாம ஃபெயில்னு சொன்னா, மாடல் ஃபெயிலா நடத்தினவங்க ஃபெயிலான்னு தெரியாது.

சரி, நான் எதை எடுப்பேன்? டிப்ரெஷன், ஆங்ஸைட்டிக்கு கொலாபரேட்டிவ் கேர், யோசிக்கவே மாட்டேன், ஆனா ரெஜிஸ்டரோட. டாக்டரே கிடைக்காத இடம்னா பெஞ்ச், அதுக்குப் பின்னாடி தீவிரமான கேஸை அனுப்பறதுக்கு ஒரு இடம் இருந்தா மட்டும். தீவிர நோய்க்கு எல்லாருக்கும் முழு ஏசிடி கொடுக்கறது கட்டுப்படியாகாது, நெதர்லாந்துக்காரங்க பண்ற ஃபேக்ட் (ஃப்ளெக்சிபிள் ஏசிடி) மாடல் எனக்கு புத்திசாலித்தனமா படுது, ஒரே டீம் சுமார் 200 பேரைப் பாக்கும், யாருக்கு இந்த வாரம் மோசமோ அவங்க பேர் போர்டுல ஏறும், மொத்த டீமும் தினமும் பேசி அவங்களைத் தேடிப் போகும், சரியானதும் பேர் இறங்கும். ஏசிடி அளவுக்கு ட்ரயல் ஆதாரம் இதுக்கு இல்ல, தெரிஞ்சேதான் சொல்றேன். ட்ரியெஸ்டேயை மாடலா வாங்க முடியாது, பூட்டாத கதவை மட்டும் கடன் வாங்கலாம்.

இன்னொண்ணு, ஃபண்டு முடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு வருஷம் கழிச்சுப் போய்ப் பாத்தீங்களான்னு கேளுங்க. மேடிசன்ல ஸ்டைனும் டெஸ்டும் 14 மாசம் முடிஞ்சு அந்த ஆளுங்களை வழக்கமான சேவைக்கு மாத்திவிட்டு, அதுக்கப்புறமும் பின்தொடர்ந்து பாத்தாங்க. கிடைச்ச முன்னேற்றத்துல பெரும்பகுதி கரைஞ்சு போச்சு, ஆஸ்பத்திரி அட்மிஷன் திரும்ப ஏறுச்சு. அதையும் அதே 1980 ரிப்போர்ட்லயே எழுதி வச்சிருக்காங்க.